டர்க்காய்ஸ் பதித்த வெள்ளி நகை: காரைக்குடிப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பட்டறைக்குத் தாத்தா காலத்தில் வந்ததெல்லாம் சீர் வெள்ளிதான். பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், காமாட்சி விளக்கு. ஒடுக்கு எடுத்து, ஒட்டு வைத்து, மெருகு போட்டுக் கொடுப்போம். கல் என்றால் செட்டிநாட்டு வீடுகளில் வைரமும் பர்மாச் சிவப்பும்தான். அவை தங்கத்தில் இருக்கும், எங்கள் பக்கம் வராது.

இப்போது சில வருடங்களாக வேறொன்று வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் பேத்தி அனுப்பிய காப்பு, ஜெய்ப்பூர் போனபோது வாங்கிய தோடு, செல்போனில் ஆர்டர் போட்ட மோதிரம். எல்லாவற்றிலும் வெள்ளிக்கு நடுவே ஆனந்தா ப்ளூ புடவை நிறத்தில் ஒரு கல். கொண்டுவருகிறவர்கள் பாதிப் பேர் ஏதாவது செய்து கெடுத்த பிறகுதான் வருகிறார்கள். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இது என்ன கல்? தமிழில் பெயர் உண்டா?

டர்க்காய்ஸ். வடக்கே ஃபிரோசா என்பார்கள். நம் ஊர்க் கல் கடைகளிலும் ஃபிரோசா என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். ‘துருக்கிக் கல்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது டர்க்காய்ஸ் என்ற பெயர். கல் விளைந்தது துருக்கியில் அல்ல. ஈரானில் நிஷாப்பூர்ச் சுரங்கங்களில் எடுத்தது துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் வந்த பெயர். அதற்கும் வெகு காலம் முன்பே எகிப்தியர்கள் சினாய் மலைகளில் இதைத் தோண்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் பார்க்க வேண்டுமென்றால் லடாக் போக வேண்டும். அங்கே பெண்கள் தலையில் அணியும் பெராக் முழுக்க இந்தக் கல்தான், நெற்றியிலிருந்து முதுகு வரை வரிசை வரிசையாக.

உள்ளே இருப்பது செம்பும் அலுமினியமும் கலந்த பாஸ்பேட், அதோடு கொஞ்சம் நீர். நீல நிறம் செம்பால் வருவது. இரும்பு கலந்தால் பச்சை தட்டும். நீர் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

வைடூரியம் என்று ஒருவர் சொன்னாரே?

இல்லை. வைடூரியம் பூனைக்கண் மாதிரி ஒளிக்கோடு ஓடும் கல். அது நவரத்தினத்தில் ஒன்று, டர்க்காய்ஸ் நவரத்தினத்திலேயே இல்லை. ராசிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அடுத்த கேள்வி வரும். அதை ஜோசியரிடம் கேளுங்கள், எனக்கு வெள்ளி மட்டும்தான் தெரியும்.

925 என்று குத்தியிருக்கிறது. அப்படியென்றால்?

ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி. மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு. இதைத்தான் ஸ்டெர்லிங் என்கிறார்கள். இங்கிலாந்தின் பழைய வெள்ளிக் காசிலிருந்து வந்த பெயர். நம் கடைத்தெருக் கணக்கில் சொன்னால் தொண்ணூற்றிரண்டரை டச். சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், மோதிரம் செய்து போட்டால் ஒரு மாதத்தில் கோணும். செம்பு சேர்ந்தால்தான் கல்லைப் பிடித்து நிற்கும் உறுதி வரும்.

925 என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அந்த அச்சு யாரிடம் வேண்டுமானாலும் இருக்கும். இந்தியாவில் வாங்கினால் பிஐஎஸ் ஹால்மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளிக்கு அது இன்னும் கட்டாயமில்லை. ஆனால் 2025 செப்டம்பர் முதல் வெள்ளிக்கும் ஹெச்யூஐடி என்ற ஆறு இடக் குறி வந்திருக்கிறது. பிஐஎஸ் கேர் செயலியில் அந்தக் குறியைப் போட்டால் விவரம் வரும். முத்திரை இல்லாத பழைய நகையென்றால் உரைகல்லில் உரசிப் பார்க்கலாம், அல்லது தரம் பார்க்கும் மெஷினில் வைக்கலாம்.

ஜெர்மன் சில்வரும் இதுவும் ஒன்றா?

ஜெர்மன் சில்வரில் ஒரு குந்துமணி வெள்ளி கூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதான். விலை குறைவு, பார்க்க நன்றாக இருக்கும், போட்டுக்கொள்வதில் தப்பில்லை. வெள்ளி விலை கொடுத்து வாங்காதீர்கள், அது போதும். நிக்கல் சிலருக்கு அரிக்கும்.

பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன், எப்படிக் கறுத்தது?

வெள்ளிக்குப் பகை கந்தகம். காற்றில் துளியளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் அது வெள்ளியோடு சேர்ந்து மேலே கறுப்புப் படலமாகிவிடும். முதலில் இளமஞ்சள், பிறகு பழுப்பு, கடைசியில் கறுப்பு. ஈரம் இருந்தால் வேகம் கூடும். அதனால்தான் ஐப்பசி அடைமழை முடிந்து கார்த்திகைக்கு விளக்கை எடுக்கும்போது எல்லார் வீட்டிலும் ஒரே புலம்பல்.

கந்தகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். உங்கள் சமையற்கட்டைப் பாருங்கள் என்பேன். சின்ன வெங்காயம், பூண்டு, முட்டை மூன்றிலும் உண்டு. செட்டிநாட்டுச் சமையலில் இந்த மூன்றையும் விலக்கச் சொன்னால் என்னைத்தான் விலக்கி வைப்பார்கள், ஆகவே உரிக்கும்போதும் நறுக்கும்போதும் மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். தீபாவளி வெடி மருந்திலும் கந்தகம்தான்.

ஒரு முறை தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி காப்பு கொண்டுவந்தார். காப்பு முழுக்க பளிச்சென்று இருந்தது, நடுவில் மட்டும் குறுக்காக இரண்டு கறுப்புக் கோடு, அளவெடுத்துப் போட்ட மாதிரி. செய்வினையோ என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டதாம். துணியில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டீர்களா ஆச்சி என்று கேட்டேன், ஆமாம் என்றார். ரப்பரைக் கெட்டிப்படுத்துவதே கந்தகம் சேர்த்துத்தான்.

விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். “பத்தரே, நாப்பது வருஷமா எங்க வீட்டு வெள்ளி எல்லாத்தையும் விபூதியிலதான் தேய்க்கிறேன், இதுக்கு மட்டும் என்ன கேடு?” என்று கோபமாகவே கேட்டவர்களும் உண்டு.

வெறும் வெள்ளிக்கு விபூதி நல்ல பழக்கம்தான். நைசான சாம்பல் கறுப்பை உரசி எடுக்கும். ஆனால் கறுப்போடு கொஞ்சம் வெள்ளியும் போகும், அதை யாரும் கவனிப்பதில்லை. மூன்று தலைமுறை தேய்த்த பன்னீர்ச் செம்பைத் தடவிப் பாருங்கள், பூவேலை எல்லாம் மழுங்கிப் போயிருக்கும். முதலெழுத்து வெட்டிய இடம் நகத்தில் தட்டாது.

கல் இருந்தால் கதையே வேறு. வைரத்துக்குப் பத்து என்று வைக்கும் மோஸ் கணக்கில் டர்க்காய்ஸ் கடினத்தில் 5 முதல் 6 வரை, கண்ணாடியை ஒட்டிய அளவு. சாம்பலில் மணற்சத்து இருக்கிறது. தேய்க்கத் தேய்க்கக் கல்லின் பளபளப்பு மங்கும். அதைவிட மோசம், இந்தக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஈர விபூதி அதில் போய் அடைத்துக்கொண்டால் நீலக் கல்லுக்குச் சாம்பல் பூத்த முகம் வந்துவிடும். பல்பொடி, பற்பசை இவற்றுக்கும் இதே பதில். புளி, எலுமிச்சை பற்றிக் கேட்கவே வேண்டாம். புளிப்பு கல்லை அரிக்கும்.

நான் எல்லாருக்கும் சொல்லும் வழி ஒன்றுதான்: கல்லும் வெள்ளியும் சேர்ந்த நகையில் கல்லுக்கு எது ஆகாதோ அது வெள்ளிக்கும் வேண்டாம். வெள்ளி கறுத்தால் திரும்ப வெளுக்க வைக்கலாம். கல் கெட்டால் கெட்டதுதான்.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில், கொலுசு வெளுக்கும் ரசாயனத் தண்ணீரில் ஒரு அமெரிக்கக் காப்பையும் சேர்த்து முக்கிவிட்டேன். அந்தத் தண்ணீரில் அமிலம் உண்டு. வெள்ளி ஒரு நிமிடத்தில் நிலா மாதிரி ஆனது. கல் சுண்ணாம்பு பூத்துப்போய் வெளியே வந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, காப்புக்குரியவருக்குப் புதுக் கல் வாங்கிப் பதித்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டு வெளுக்கும் வீடியோ பார்த்தேன். அது உண்மையா?

உண்மை. பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதைத் தொடும்படி வெள்ளியை வைத்து, சோடா உப்பும் கல் உப்பும் போட்டுக் கொதிநீர் ஊற்றினால் கறுப்பு மறையும். அழுகின முட்டை வாடை வரும், பயப்பட வேண்டாம், அது வெளியேறும் கந்தகம். வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகத்தை அலுமினியம் இழுத்துக்கொள்கிறது. கறுப்பாகிப் போன வெள்ளி திரும்ப வெள்ளியாகி அதே இடத்தில் உட்காருகிறது. உரசல் இல்லை, சேதாரமும் குறைவு. இது ஒரு குட்டி பாட்டரிதான். நம் ஊரில் சிக்ரி இருக்கிறதே, வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம். அங்கே செய்வதெல்லாம் இந்த விஷயத்தின் பெரிய வடிவங்கள்தான். உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்று எழுபது வருடமாகப் பார்க்கிறார்கள்.

ஆனால் இது கல் இல்லாத வெள்ளிக்கு மட்டும். சூடு, காரம், ஊறல் மூன்றும் டர்க்காய்ஸுக்கு ஆகாது. அந்த வீடியோக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை.

நீலமாக இருந்த கல் பச்சையாகிவிட்டது. போலியா?

பெரும்பாலும் இல்லை. சொல்லப்போனால் அசலாக இருப்பதால்தான் மாறியது. முன்னே சொன்ன துளைகள் வழியே கல் எல்லாவற்றையும் குடிக்கும். வியர்வை, தேங்காய் எண்ணெய், சென்ட், முகத்துக்குப் பூசும் கிரீம், கைக்குப் போடும் சானிடைசர் எல்லாம் உள்ளே போகும். கொஞ்சம் கொஞ்சமாக நீலம் மங்கிப் பச்சை ஏறும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் மோதிரத்தோடு தலையில் கை வைத்தால் ஆறு மாதத்தில் தெரியும்.

இன்னொரு காரணம் சூடு. கல்லுக்குள் நீர் இருக்கிறது என்றேன் அல்லவா? அடுப்புச் சூட்டிலும் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள்ளும் கிடந்து அந்த நீர் வற்றினால் நிறம் வெளுக்கும், விரிசலும் விழலாம்.

திரும்ப நீலமாக்க முடியுமா? வீட்டில் முடியாது. நல்லெண்ணெய் தடவினால் பளபளக்கும் என்று ஒருவர் செய்து பார்த்தார். பத்து நாள் பளபளத்தது, பிறகு பாசி நிறம். பச்சை ஏறியதே ஓர் அழகு என்று நினைப்பவர்களும் உண்டு. எனக்கும் அந்த நிறம் பிடிக்கும், மயில் கழுத்து மாதிரி.

அசலா சாயக் கல்லா என்று எப்படிப் பார்ப்பது?

சந்தையில் அதிகம் ஏமாற்றுவது ஹௌலைட், மேக்னசைட் என்ற வெள்ளைக் கற்களுக்கு நீலச் சாயம் ஏற்றித்தான். இவற்றிலும் சிலந்தி வலை மாதிரி கோடுகள் இயற்கையாகவே இருப்பதால் பார்த்தவுடன் தெரியாது. அடுத்தது பிளாஸ்டிக்; கையில் எடுத்தாலே கனமில்லாமல் வெதுவெதுப்பாக இருக்கும், கல் குளிரும்.

மணிமாலை என்றால் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே நீலம், துளையோரத்தில் வெள்ளை என்றால் சாயம். விரிசல்களில் மட்டும் நீலம் அடர்ந்து தேங்கியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். பத்துக் கல்லும் ஒரே நிறம், ஒரே கோடு என்றால் அது பூமியில் விளைந்ததாக இருக்காது. கல்லின் பின்பக்கம் திறந்திருந்தால், நகச்சாயம் எடுக்கும் திரவத்தைப் பஞ்சில் ஒரு துளி தொட்டு, ஓரத்தில் ஒற்றிப் பார்க்கலாம். பஞ்சில் நீலம் ஏறினால் விஷயம் முடிந்தது. முன்பக்கத்தில் செய்யாதீர்கள். கல்மேல் பூசிய மெழுகு போய்விடும்.

சூடு ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். பிளாஸ்டிக் என்றால் வாடை வரும், சரி. அசல் கல் என்றால் உங்கள் கல்லில் நீங்களே போட்ட வடு இருக்கும்.

கடையில் ‘ஸ்டெபிலைஸ்டு’ என்றார்கள். அது கலப்படமா?

கலப்படம் என்று சொல்ல மாட்டேன். அசல் கல்தான், மாவாக உதிரும் அளவு மென்மையாக இருந்ததால் துளைகளில் பிசின் ஏற்றிக் கெட்டியாக்கியிருக்கிறார்கள். இன்று விற்பதில் பெரும்பகுதி இப்படித்தான். தினமும் போடுகிறவர்களுக்கு இதையே சொல்வேன், வியர்வையும் எண்ணெயும் சீக்கிரம் ஏறாது. சொல்லி விற்க வேண்டும், அதற்கேற்ற விலைக்கு விற்க வேண்டும், அவ்வளவுதான் நியாயம். கல் தூளைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்ததும் உண்டு. அதை முழுக் கல் என்று விற்பதுதான் மோசடி.

எதுவும் ஏற்றாத நல்ல கல் அரிது, விலையும் அதிகம். அமெரிக்காவில் அரிசோனாவில் ஸ்லீப்பிங் பியூட்டி என்றொரு சுரங்கம், கோடே இல்லாத வான நீலக் கல்லுக்குப் பேர் பெற்றது. 2012-இல் அங்கே டர்க்காய்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தப் பெயர் சொல்லி விற்பது மட்டும் நிற்கவில்லை.

பேத்தி அனுப்பியது ‘நவஹோ’ வேலை என்கிறாள். அதில் என்ன விசேஷம்?

நவஹோ, சூனி, ஹோப்பி எல்லாம் அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் பழங்குடிகள். டர்க்காய்ஸ் அவர்களுக்கு வெகு பழைய கல், வெள்ளி வேலை 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. நவஹோ வேலையில் வெள்ளி கனமாகவும் கல் பெரிதாகவும் இருக்கும். சூனி வேலையில் பொடிப்பொடிக் கற்களை ஊசி முனை அளவுக்கு இழைத்து வரிசையாக வைப்பார்கள். தட்டி, அச்சுக் குத்தி, ஒட்டு வைத்து... நம் பட்டறையில் நடப்பதற்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. முதல் முறை அப்படி ஒரு காப்பைத் திருப்பிப் பார்த்தபோது உளிக்குறி எங்கள் வீட்டு உளி போட்டதைப் போலவே இருந்தது.

பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று விற்பது அங்கே 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். செய்தவர் முத்திரை உள்பக்கம் இருக்கும், மெருகு போடக் கொடுக்கும்போது அதை அழித்துவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: பழைய காப்புகளில் கல்லுக்கு அடியில் மரத்தூள் வைத்து உயரம் கூட்டியிருப்பார்கள். தண்ணீரில் ஊறினால் தூள் உப்பிக் கல்லை வெளியே தள்ளிவிடும்.

சரி, வீட்டில் எப்படித்தான் துடைப்பது?

கழற்றியவுடன் பழைய மெல்லிய பருத்தி வேட்டித் துணியால் ஒரு துடை. முக்கால்வாசி நாளுக்கு இது போதும். அழுக்கு ஏறியிருந்தால், குழந்தைக்குப் போடும் சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் துளி கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் ஈரத் துணி, உடனே காய்ந்த துணி. ஊறப் போடக் கூடாது. பூந்திக்கொட்டைத் தண்ணீர் தங்கத்துக்கு நல்லது, இதற்கு வேண்டாம். நகைக் கடையில் அதிர்வு மெஷினிலோ ஆவியிலோ போடுகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வெள்ளி கறுத்திருந்தால் வெள்ளி துடைக்கும் மருந்துத் துணி கிடைக்கிறது. அதை விரல் நுனியில் சுற்றி வெள்ளியில் மட்டும் தேயுங்கள், கல்லோரம் வந்ததும் நிறுத்துங்கள். ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு இருந்தால் இருக்கட்டும்.

பூவேலைக் குழிகளில் கறுப்பு இருக்கிறதே, அதையும் எடுக்கவா?

வேண்டாம். அது வேலைப்பாடு எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று வேண்டுமென்றே கறுக்க வைத்தது, ஆக்சிடைஸ்டு என்பார்கள். எடுத்துவிட்டால் நகை மொட்டையாகிவிடும்.

எங்கே வைப்பது?

காற்றுப் புகாத பாலித்தீன் ஜிப் கவர், ஒரு கவருக்கு ஒரு நகை. வைரத் தோட்டோடு சேர்த்து வைத்தால் வைரம் கல்லைக் கீறும். கடையில் சுற்றித் தரும் ரோஸ் காகிதத்தை எடுத்துவிடுங்கள், ஈரம் பட்டால் அந்தச் சாயத்தையும் கல் குடிக்கும். கம்பளி, செய்தித்தாள், ரப்பர் பேண்டு வேண்டாம். பிறகு அதை இரும்புப் பெட்டியில் வைத்தாலும் சரி, பெட்டகத்தில் வைத்தாலும் சரி. அடிக்கடி போட்டுக்கொண்டால் வெள்ளி குறைவாகத்தான் கறுக்கும், துணி உரசலே மெருகு.

கல்யாண வீட்டுக்குப் போட்டுப் போகலாமா?

தாராளமாக. கண்டாங்கிப் புடவைக்கு எடுப்பாக இருக்கும். பூ, சென்ட், பவுடர் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போடுங்கள், வந்ததும் முதலில் கழற்றுங்கள். சந்தனம் எடுக்கும் கையில் மோதிரம் வேண்டாம். கோயில் குளத்தில் முங்கும்போதும் வேண்டாம். ஓட்டல் நீச்சல் குளத்துக் குளோரின் கல், வெள்ளி இரண்டையும் கெடுக்கும்.

மோதிரம் இறுக்கமாக இருக்கிறது. பெரிதாக்கலாமா?

ஆகும், ஆனால் கல்லை எடுக்காமல் ஆகாது. பொடி (உருகி ஒட்டும் உலோகக் கலவை) வைத்து ஊதும்போது ஏறும் சூட்டில் டர்க்காய்ஸ் கருகி வெடிக்கும். கல்லைச் சுற்றிய வெள்ளி விளிம்பை நெம்பி, கல்லை எடுத்து, வேலை முடித்துத் திரும்பப் பதிக்க வேண்டும். மெல்லிய விளிம்பு அதிலேயே கிழியவும் கூடும். லேசர் ஒட்டு வைக்கும் இடங்களில் சூடு ஓரிடத்தில் மட்டும் நிற்பதால் கல்லை எடுக்காமலே சிலவற்றைச் செய்கிறார்கள். “அஞ்சே நிமிஷம், அப்படியே பண்ணித் தரேன்” என்று யாராவது ஊதுகுழலைக் கையில் எடுத்தால் மோதிரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கல் ஆடுகிறது, அல்லது விழுந்தே விட்டது. என்ன செய்ய?

காதருகே வைத்து ஆட்டினால் லொடலொட என்று சத்தம் வரும்போதே கொண்டுவாருங்கள், விளிம்பை அழுத்திக் கொடுப்பது பத்து நிமிட வேலை. விழுந்துவிட்டால் கல்லைக் கழுவாமல், வெள்ளைத் துணியில் முடிந்து, நகையோடு சேர்த்து எடுத்து வாருங்கள். உடைந்திருந்தாலும் துண்டுகளைப் போட்டுவிட வேண்டாம். ஃபெவிக்விக் மட்டும் போடாதீர்கள். அது கல்லில் ஊறி வெள்ளைத் திட்டாக நிற்கும், அதைச் சுரண்டி எடுக்க நான் கேட்கும் கூலி புதுக் கல்லைவிட அதிகமாக இருக்கும்.